கட்சித் தலைமைத் தேர்தலில் எதிர்வேட்பாளர்: திரிபுரிக் காங்கிரசை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு கட்சி மற்றொரு கட்சியோடு பொருதுவதை யாவரும் அரசியல் என்பர். ஒரே கட்சியைச் சேர்ந்த இருவர் தலைமைப் பதவியின்பொருட்டுத் தம்முட் பொருதுவதைப் பலர் குடும்பச் சண்டையெனக் கருதி, அதனைப் பேசாது விடுதலே நாகரிகம் என்று கொள்வர். வரலாறு பயில்வோர்க்கு அந்நாகரிகம் பொருந்தாது. ஒரு கட்சியில் அதிகாரம் மெய்யாக எங்கே தங்கியிருக்கின்றது என்பதை அக்கட்சியின் யாப்பினைப் படித்து அறிதல் அரிது. அதன் தலைமையை எதிர்த்து அக்கட்சிக்குள்ளேயே ஒருவர் எழுகின்றபொழுது நிகழ்வனவற்றைக் கவனித்தால் அது தெற்றெனப் புலப்படும். அங்ஙனம் எழுந்த எதிர்வேட்பாளர் சிலருடைய வரலாற்றை ஈண்டு ஆராய்வாம். 1939ஆம் ஆண்டில் இந்தியக் காங்கிரஸ் மகாசபையில் நிகழ்ந்த அக்கிராசனர் தேர்தலே இவ்வாராய்ச்சிக்கு நடுநாயகம். ஏனையவை அதனை விளக்க வந்தனவே.

இப்பொருளைப் பற்றிப் பேசுவோர் முதற்கண் ஐக்கிய அமெரிக்காவையே சுட்டுவது வழக்கம். அங்கே கட்சியின் சனாதிபதி வேட்பாளரைத் தெரிவதற்கென்றே முதனிலைத் தேர்தல்கள் உள. 1912இல் இம்முறை இளமைப் பருவத்தில் இருந்தது. அவ்வாண்டு பதவியிலிருந்த சனாதிபதி தாவ்ட்டை எதிர்த்து, அவரைப் பதவிக்குக் கொணர்ந்தவராகிய தியோடர் ரூஸ்வெல்ட்டே குடியரசுக் கட்சிக்குள் போட்டியிட்டார். முதனிலைத் தேர்தல் நிகழ்ந்த மாநிலங்களுள் ஒன்பதில் ரூஸ்வெல்ட் வென்றார். ஆயினும் சிக்காகோ மகாநாட்டிற் கட்சி இயந்திரம் தாவ்ட்டின் கையில் இருந்தமையின் நியமனம் தாவ்ட்டுக்கே கிடைத்தது. ரூஸ்வெல்ட் வெளியேறித் தனிக்கட்சி கண்டார். பொதுத் தேர்தலிற் சனநாயகக் கட்சியின் வில்சன் ஏறத்தாழ நூற்றுக்கு 42 வாக்குகளே பெற்றும் 435 தேர்வாளரைக் கைப்பற்றினார், ரூஸ்வெல்ட்டுக்கு 88, நாட்டை ஆண்டுகொண்டிருந்த தாவ்ட்டுக்கு எட்டே எட்டு.

பின்னர் வந்த நிகழ்ச்சிகளும் இதே பாடத்தைப் புகட்டுவன போலத் தோன்றும். 1968 மார்ச்சில் நியூ ஹாம்ப்சயரில் யூஜின் மக்கார்தி என்னும் செனற்றர் வியட்நாம் போரை எதிர்த்து நின்று நூற்றுக்கு 42 அளவில் வாக்குப் பெற்றார். அவர் வெல்லவில்லை, வென்றவர் சனாதிபதி ஜோன்சனே. எனினும் அம்மாதம் முடியுமுன் ஜோன்சன் தாம் மறுபடியும் போட்டியிடப் போவதில்லை என அறிவித்துவிட்டார். 1976இல் றேகன் போர்டை எதிர்த்தார். மகாநாட்டில் 1187க்கு 1070 என்ற கணக்கிற் போர்ட் தப்பினார். பொதுத் தேர்தலிலோ தப்பவில்லை. 1980இல் எட்வர்ட் கென்னடி காட்டரை எதிர்த்தார். 1992இற் புக்கானன் புஷ்ஷை எதிர்த்தார். இவ்விரு சனாதிபதிகளும் பின்னர்த் தோற்றனர். இவற்றைக் கொண்டு, உட்பகை தோன்றிய கட்சி தோற்கும் என்று சூத்திரம் யாத்துவிடுவோர் உளர். அவர்கள் காரணத்தையும் காரியத்தையும் மாறிக் கொள்கின்றனர் என்பது என் கருத்து. காட்டர் பலவீனப்பட்டது கென்னடி எதிர்த்தமையாலா? அன்றி, விலையேற்றத்தினாலும் தெஹ்ரானிற் சிறைப்பட்ட தூதரகத்தாராலும் காட்டர் பலவீனப்பட்டிருந்தமை கண்டு கென்னடி எதிர்த்தாரா? வலிமையோடு இருப்பவரை எதிர்க்க வலிமையுடையோர் வருவதில்லை. 1972இல் நிக்சனையும் அவர் கட்சியினர் இருவர் எதிர்த்தனர். அவர்கள் பெயரை இன்று நினைவிற் கொண்டோர் சிலரே.

ஒன்று மாத்திரம் குறித்துக்கொள்ளத் தக்கது. 1968இற் சனநாயகக் கட்சியின் நியமனத்தைப் பெற்ற ஹம்ப்ரி, முதனிலைத் தேர்தல் எதிலும் நிற்காமலே அதனைப் பெற்றார். பிரதிநிதிகளுட் பெரும்பாலோர் அந்நாளிற் கட்சிப் பெருந்தலைகளின் கைக்குள் இருந்தனர். அதனால் எழுந்த கொந்தளிப்பின் பின்னரே விதிகள் திருத்தப்பட்டு, முதனிலைத் தேர்தலில் விழும் வாக்கு பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தும் நிலை ஏற்பட்டது. ஆகவே எதிர்வேட்பாளர் என்ன செய்ய வல்லார் என்னும் வினாவுக்கு, வாக்கின் வலிமை எவ்வளவு என்பதை அறியாமல் விடை கூறல் இயலாது. இந்நோக்கோடு இந்தியாவுக்குத் திரும்புவாம்.

காங்கிரஸ் அக்கிராசனரை அந்நாளில் 'இராட்டிரபதி' என்றே அழைத்தனர். நாட்டுக்கு விடுதலை கிடைக்குமுன்னரே நாட்டுத் தலைவரின் பட்டத்தைக் கட்சித் தலைவருக்குச் சூட்டி மகிழ்ந்த காலம் அது. பட்டம் பெரிதாயினும் அதற்குப் போட்டி அரிது. தலைவர்கள் கூடிப் பேசி ஒருவரைக் குறிப்பர், மற்றையோர் விலகுவர், தெரிவு ஏகமனதாக முடியும். 1907இற் சூரத்து நகரில் அக்கிராசனம் பற்றிய வேற்றுமை முற்றிச் சபை நாற்காலிகள் பறக்கக் கலைந்ததும், தீவிரவாதிகள் மீண்டும் சேர 1916ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்ததும் மூத்த தலைவர்களுக்கு மறவாத பாடமாக இருந்தன. காந்தியடிகள் தலைமைக்கு வந்தபின், அவர் விருப்பம் யாது என்பது தெரிந்தால் தேர்தல் முடிந்தது போன்றதே. 1934இலிருந்து காந்தியடிகள் காங்கிரசில் நாலணா உறுப்பினராகக்கூட இல்லை என்பதையும் வாசகர் நினைவிற் கொள்க.

1938 பெப்ரவரியில் அரிபுராவிற் சுபாஸ் சந்திரபோஸ் அவ்வழக்கின்படியே ஏகமனதாகத் தெரிவானார். அவ்வாண்டிலே தேசியத் திட்டக் கமிட்டியை அமைத்து நேருவை அதற்குத் தலைவராக்கினார். மறுமுறையும் நிற்பதென அவர் துணிந்தபொழுதுதான் சிக்கல் தோன்றியது. இரண்டு முறை அடுத்தடுத்துத் தலைமை வகித்தல் புதுமையன்று. நேரு இலட்சுமணபுரியிலும் பைசுப்பூரிலும் அங்ஙனம் வகித்துள்ளார். புதுமை யாதெனின், மூத்தோர் விரும்பாதபோதும் நிற்பேன் என்றதே. மூத்தோர் முதலில் மௌலானா ஆசாத்தை எண்ணினர், அவர் விலகிக்கொண்டார். அதன்பின் ஆந்திரத்துப் பட்டாபி சீதாராமையா களத்தில் நின்றார்.

சனவரி 24ஆம் நாள், வல்லபாய் பட்டேல், இராசேந்திர பிரசாத் முதலாகக் காரியக் கமிட்டி உறுப்பினர் எழுவர் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அக்கிராசனர் தெரிவு ஏகமனதாக நடத்தலே மரபு. கொள்கையை வகுப்பது காங்கிரசும் காரியக் கமிட்டியுமேயன்றி அக்கிராசனர் அல்லர். அவர் நிலை யாப்புக்கு அடங்கிய முடிமன்னரின் நிலையை ஒத்தது. ஆதலாற் சுபாஸ் விலகிப் பட்டாபிக்கு வழிவிடுக என்பது அதன் சாரம். சுபாஸ் இறுத்த விடை இக்கட்டுரைப் பொருளோடு நேரே தொடர்புடையது. அக்கிராசனர் முடிமன்னரைப் போன்றவர் அல்லர். தம் மந்திரிசபையைத் தாமே அமைக்கும் பிரதம மந்திரியையோ ஐக்கிய அமெரிக்கச் சனாதிபதியையோ ஒத்தவர் என்றார் அவர். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் அடங்கிய சமட்டித் திட்டத்தை ஏற்பதா எதிர்ப்பதா என்பது அப்போது பெரும் வினாவாக இருந்தது. பிரித்தானியரோடு சமரசம் செய்யும் எண்ணம் வலதுசாரியினரிடம் இருப்பதாகப் பலர் ஐயுறுகின்றனர் என்றும், ஆகவே சமட்டியை முற்றாக எதிர்ப்பவரே அக்கிராசனராதல் வேண்டும் என்றும் சுபாஸ் கூறினார். இவ்வையம் வெளிப்படையாக எழுதப்பட்டதைத்தான் மூத்தோர் மன்னிக்கவில்லை. கொள்கை வேற்றுமையைத் தாங்கும் உள்ளங்கள் தம் நேர்மை ஐயுறப்படுவதைத் தாங்குவதில்லை.

சனவரி 29ஆம் நாள் மாகாணந்தோறும் பிரதிநிதிகள் வாக்களித்தனர். சுபாஸுக்கு 1580, பட்டாபிக்கு 1377. மேலதிகம் 203. பாடநூல்கள் இத்தொகையைக் கூறி அப்பாற் செல்கின்றன. மாகாணக் கணக்கை நோக்குவோர்க்கோ வேறொரு காட்சி தோன்றும். வங்காளத்திற் சுபாஸுக்கு 404, பட்டாபிக்கு 79. பஞ்சாபில் 182க்கு 86. ஐக்கிய மாகாணத்தில் 269க்கு 185. கர்நாடகத்தில் 106க்கு 41. கேரளத்தில் 80க்கு 18. மறுபுறம், ஆந்திரத்திற் சுபாஸுக்கு 28, பட்டாபிக்கு 181. பிகாரில் 70க்கு 197. பட்டேலின் குசராத்திலோ ஐந்துக்கு நூறு. வங்காளத்து வாக்குகளை ஒதுக்கிவிட்டுக் கூட்டினாற் சுபாஸுக்கு 1176, பட்டாபிக்கு 1298. அதாவது வங்காளம் நீங்கிய இந்தியாவிற் சுபாஸ் 122 வாக்காற் பின்தங்கியிருந்தார். பட்டாபியின் சொந்த மாகாணமாகிய ஆந்திரத்தையும் சேர்த்து ஒதுக்கினாற் சுபாஸ் 1148, பட்டாபி 1117, வேற்றுமை 31. இருவருடைய பிறந்தகத்தையும் நீக்கிய பின், காங்கிரஸ் ஏறக்குறைய நேர்பாதியாகப் பிளந்து நின்றது என்பதே இக்கணக்கு உணர்த்தும் உண்மை. இவ்வளவு சமநிலையில் இருந்த சபையில் எந்தத் தரப்பும் மற்றதை அடக்கிவிட்டதாக எண்ணியிருத்தல் ஆகாது.

தமிழ்நாட்டின் கணக்குத் தனியே நோக்கத் தக்கது. அங்கே சுபாஸுக்கு 110, பட்டாபிக்கு 102. சென்னையில் அப்போது பிரதமராக இருந்தவர் இராசகோபாலாச்சாரியார். பட்டாபியை ஆதரித்த அணியின் தூண்களுள் ஒருவர். அவர் ஆண்ட மாகாணத்தின் தமிழ்ப் பகுதியிலேயே எட்டு வாக்கு எதிர்ப்பக்கம் மிகுந்தது. இடதுசாரி உணர்ச்சி ஒரு காரணம் ஆகலாம். ஆந்திரர்க்குத் தனி மாகாணம் வேண்டுமென முன்னின்று உழைத்தவர் பட்டாபி என்பதும், அதுபற்றித் தமிழர் ஆந்திரரிடை மனக்கசப்பு நிலவியதும் மற்றொரு காரணம் என ஊகிக்க இடமுண்டு. இராசாசியாரின் மேலாண்மையை விரும்பாத சத்தியமூர்த்தி அணியொன்று தமிழ்நாட்டுக் காங்கிரசில் இருந்ததையும் மறத்தலாகாது. அதன் கதையைப் பின்னர்க் காண்பாம்.

தேர்தலின் பின் இரண்டு நாட் கழிந்து காந்தியடிகள் தம் அறிக்கையை வெளியிட்டார். சுபாஸ் மறுபடி தெரிவாவதைத் தொடக்கத்திலிருந்தே தாம் விரும்பவில்லை என்றும், பட்டாபி விலகாது நிற்கத் தாமே காரணமாக இருந்தமையால் இத்தோல்வி அவருடையது என்பதினும் தம்முடையதே என்றும் அதிற் கூறினார். சுபாஸ் நாட்டின் பகைவர் அல்லர் என்றும் சேர்த்தார். காங்கிரசின் உறுப்பினர் இடாப்புக்களிற் போலி உறுப்பினர் மலிந்துள்ளனர் என்பதையும் அவ்வறிக்கையே சுட்டியது. ஒரு வேட்பாளருக்கு எதிராக நின்று பெற்ற வெற்றி, ஒரே அறிக்கையால் மகாத்துமாவுக்கு எதிராகப் பெற்ற வெற்றியாக மாறியது. பிரதிநிதிகள் சுபாஸை விரும்பினரேயன்றி, காந்தியடிகளை இழக்க விரும்பினரல்லர். இவ்விரண்டும் ஒருங்கே கிடைக்கும் என்று நம்பியே பலர் வாக்களித்தனர் எனக் கொள்ளலாம்.

பெப்ரவரி 22ஆம் நாள் காரியக் கமிட்டியினர் பன்னிருவர் பதவி துறந்தனர். நேரு தம் அறிக்கையைத் தனியே வெளியிட்டு அவரும் ஒதுங்கினார். சுபாஸும் அவருடைய தமையனார் சரத் சந்திரபோஸுமே எஞ்சினர். மார்ச்சில் யபல்பூருக்கு அண்மையிலுள்ள திரிபுரியிற் காங்கிரஸ் கூடியபொழுது சுபாஸ் கடுஞ்சுரத்தாற் படுக்கையிற் கிடந்தபடியே கொணரப்பட்டார். காந்தியடிகள் அங்கு வரவில்லை. அவர் இராசகோட்டில் உண்ணாநோன்பை முடித்துத் தங்கியிருந்தார். ஆறு மாத அவகாசம் கொடுத்துப் பிரித்தானியருக்கு இறுதி அறிவிப்பு விடுக்க வேண்டும் என்ற சுபாஸின் யோசனை கவனிப்பாரற்றுப் போயிற்று. அவையோரின் கவனமெல்லாம் கோவிந்த வல்லப பந்து கொணர்ந்த தீர்மானத்தின்மீதே இருந்தது. காந்தியடிகளின் தலைமையிலும் பழைய காரியக் கமிட்டியிலும் நம்பிக்கை தெரிவித்து, காந்தியடிகளின் விருப்பத்துக்கு இணங்கவே அக்கிராசனர் புதிய கமிட்டியை நியமித்தல் வேண்டும் என்று அத்தீர்மானம் விதித்தது. காங்கிரஸ் யாப்பின்படி கமிட்டியை நியமிக்கும் உரிமை அக்கிராசனருடையது. அவ்வுரிமையை, உறுப்பினர் இடாப்பிற் பெயரே இல்லாத ஒருவரின் விருப்பத்துக்குத் தீர்மானத்தாற் கட்டினர். அவ்விவாதத்திலே இராசாசியார் இரு படகுகளை உவமை காட்டி, காந்தியடிகள் செலுத்தும் பழைய பெரும்படகிருக்க, புதிதாய் வண்ணம் தீட்டிய ஓட்டைப் படகில் ஏறாதீர் என்ற கருத்துப்படப் பேசினார். உவமை கூறுவதில் அவரை வெல்வார் அந்நாளில் இலர்.

தீர்மானம் நிறைவேறியது. சனவரியிற் சுபாஸுக்கு வெற்றி தந்த சபையே மார்ச்சில் அவ்வெற்றியைப் பறித்தது எங்ஙனம்? காங்கிரஸ் சமதர்மக் கட்சியினர் சனவரியில் அவர்க்கு வாக்களித்து, மார்ச்சில் நடுநிலை வகித்தனர் என்பது உடனடிக் காரணம். ஆழ்ந்த காரணம் வேறு. எதிர்வேட்பாளர் வென்றால் அடுத்து என்ன என்பதை அவரை ஆதரித்தோர் எண்ணியிருக்கவில்லை. பலமுறை வாதம் செய்தும் சமரசம் பிறக்காமை கண்டு, ஏப்பிரல் 29ஆம் நாள் கல்கத்தாவிற் சுபாஸ் பதவி துறந்தார். இராசேந்திர பிரசாத் அவ்விடத்துக்குத் தெரிவானார். மே 3ஆம் நாள் 'பார்வேட் புளொக்' பிறந்தது. ஓகஸ்டிலே காங்கிரசின் தெரிவுப் பதவி எதனையும் மூன்றாண்டு வகிக்கலாகாது எனச் சுபாஸுக்குத் தடை விதிக்கப்பட்டது.

மடவளையில் என் வகுப்பிலே இப்பகுதியைக் கற்பித்தபொழுது மாணவன் ஒருவன், "சேர், எண்ணிக்கையில் வென்றவர் எதற்காக விலக வேண்டும்?" என்று வினாவினான். பரீட்சை விடைத்தாளில் எழுதத்தக்க விடையொன்று அவனுக்குக் கூறினேன். அதனால் அவன் மனம் நிறைவுற்றதாகத் தோன்றவில்லை. சுபாஸின் மொழியிலேயே கூறுவதாயின், அவர் தம்மை அமெரிக்கச் சனாதிபதிக்கு ஒப்பிட்டார். ஆனால் அமெரிக்கச் சனாதிபதிக்கு வாக்கே அதிகாரத்தைத் தருகிறது. காங்கிரஸ் அக்கிராசனருக்கோ வாக்குப் பதவியைத் தந்தது. அதிகாரம் சேவாகிராமத்து மண்குடிலில் இருந்தது. வாக்கெடுப்பு நிகழும்வரை இவ்விரண்டும் வெவ்வேறு என்பதைக் காண வேண்டிய தேவை எவர்க்கும் ஏற்படவில்லை. எதிர்வேட்பாளர் எழுந்தமையால் அது வெளிப்பட்டது.

அடுத்த ஆண்டு இராம்காரில் நிகழ்ந்த தேர்தலில் மௌலானா ஆசாத்தை எம். என். றோய் எதிர்த்தார். ஆசாத்துக்கு 1854, றோய்க்கு 183. இரண்டையும் கூட்டினால் 2037. முதலாண்டில் வாக்களித்தோர் 2957. ஓராண்டினுள் 920 வாக்குகள் குறைந்துபோயின. வங்காளத்துக் காங்கிரஸ் பிளவுண்டமையும் சுபாஸைச் சார்ந்தோர் ஒதுங்கியமையும் இக்குறைவில் அடங்கும். தோற்ற அணி வெளியேறிய சபையில் ஏகமனது எளிதாகின்றது. அவ்வெளிமைக்கு வங்காளம் கொடுத்த விலை பெரிது. எனினும் அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

நம்மவர்க்கு இவ்வரலாற்றில் மற்றொரு தொடர்பும் உண்டு. திரிபுரிப் புயல் அடங்குமுன்னரே, 1939 யூலையில், நேரு இலங்கைக்கு வந்தார். அவர் முயற்சியால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் அவ்வமைப்பு வேரூன்றியபொழுது, தாய்க் காங்கிரசின் கொடியோடு அதன் நோயும் உடன் வந்தது என்று கூறின் மிகையாகாது. தொண்டமான், அஸீஸ் என்னும் இருவரிடை மூண்ட தலைமைப் போட்டி 1950களின் நடுப்பகுதியில் தொழிலாளரை இரு சங்கங்களாகப் பிரித்துவிட்டது. ஒரே வரிசை லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் வாழ்ந்தோர் வெவ்வேறு சங்கத்துக்குச் சந்தா செலுத்தினர்.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவாம். 1940 தொடக்கத்தில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைமைக்கு இராசாசியாரின் ஆதரவோடு சி. பி. சுப்பையா நின்றார். சத்தியமூர்த்தி தம் சீடர் காமராசரை நிறுத்தினார். காமராசருக்கு 103, சுப்பையாவுக்கு 100. இருவர் மனம் மாறியிருப்பின் தமிழ்நாட்டு வரலாறு வேறாயிருக்கும். (இத்தேர்தலில் விழுந்த மொத்த வாக்கும் 203, முதலாண்டிற் சுபாஸ் பெற்ற மேலதிகமும் 203. கணக்கு ஆசிரியர்கள் இதனை இரசிப்பர். வரலாற்று ஆசிரியர்க்கு இதிற் பொருளில்லை.) குருவாகிய சத்தியமூர்த்தி, சீடர் தலைவராக, அவரின் கீழ்ச் செயலாளராகப் பணிபுரிந்தார். மூன்று வாக்கால் வென்றவர் பல்லாண்டு அத்தலைமையை விடவில்லை. இடையில் 1946இற் காந்தியடிகள் தம் பத்திரிகையிற் சென்னைக் காங்கிரசின் உட்கூட்டத்தைக் கடிந்து எழுதியபொழுது, காமராசர் பாராளுமன்றக் குழுவினின்றும் விலகினார். ஆனாற் கமிட்டித் தலைமையிலிருந்து அவரை எவராலும் அசைக்க முடியவில்லை. சுபாஸுக்கு இல்லாதிருந்த ஒன்று காமராசருக்கு இருந்தது. தமக்கு வாக்களித்தோர் தேர்தலின் மறுநாளும் தம்மோடு இருப்பர் என்பதை உறுதிசெய்த பின்னரே அவர் நின்றார்.

1954 மார்ச்சு 30ஆம் நாள், குலக்கல்வித் திட்டம் எழுப்பிய எதிர்ப்பின் நடுவே இராசாசியார் முதலமைச்சர் பதவியை விடுத்தபொழுது, சட்டசபைக் கட்சித் தலைமைக்கு அவர் தரப்பிற் சி. சுப்பிரமணியம் நின்றார். காமராசருக்கு 93, சுப்பிரமணியத்துக்கு 41. வென்றவர் செய்த முதற் காரியம், தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும் அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் மந்திரிசபையிற் சேர்த்ததே. திரிபுரியில் வென்றவர் தம் கமிட்டியை அமைக்க இயலாது தவித்தார். சென்னையில் வென்றவர் தோற்றவரைக் கொண்டே தம் சபையை அமைத்தார். காமராசர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னைய நிகழ்ச்சியை நன்கு சிந்தித்தவர் என்றே யான் கருதுகின்றேன்.

அகில இந்தியக் காங்கிரசில் திரிபுரி மீண்டும் ஒருமுறை தலைகீழாக நடந்தது. 1950இற் புருசோத்தம தாஸ் தண்டன் 1306 வாக்குப் பெற்று, 1092 பெற்ற கிருபளானியையும் 202 பெற்ற சங்கரராவ் தேவையும் வென்றார். தண்டனைப் பட்டேல் ஆதரித்தார், நேரு விரும்பவில்லை. மொத்த வாக்கு 2600 ஆதலின் தண்டன் பாதியைக் கடந்தது ஆறே வாக்கால். தோற்ற கிருபளானி அடுத்த ஆண்டு வெளியேறிப் புதுக்கட்சி கண்டார். பட்டேல் 1950 டிசம்பரில் மறைந்த பின், நேரு 1951இற் காரியக் கமிட்டியை விட்டு விலகினார், செப்டெம்பரிற் தண்டனும் பதவியை விட்டார், நேருவே அக்கிராசனரானார். பன்னிரண்டாண்டுக்கு முன் காரியக் கமிட்டி உறுப்பினர் விலகி அக்கிராசனரை வீழ்த்திய அதே உபாயம்! அப்பொழுது வீழ்ந்தவர் இடதுசாரி, இப்பொழுது வலதுசாரி. உபாயத்துக்குக் கொள்கை இல்லை.

பிற்காலத்து அக்கிராசனர் தேர்தல்களை விரித்தல் வேண்டா. 1997இற் சீதாராம் கேசரிக்கு 6224, சரத் பவாருக்கு 882, இராசேஷ் பைலட்டுக்கு 354. 2000இற் சோனியா காந்திக்கு 7448, சிதேந்திர பிரசாதாவுக்கு 94. 2022இல் மல்லிகார்ச்சுன கார்கேக்கு 7897, சசி தரூருக்கு 1072. வாக்கெடுப்பு நிகழ்ந்தது, முடிவு முன்னரே யாவர்க்கும் தெரிந்திருந்தது. எனினும் தோற்றவர் பெற்ற ஆயிரத்துச் சில்லறை வாக்குகளைச் சிறிதென இகழ்தலும் ஆகாது. கைதூக்கி அறிவிக்கும் முறையாயின் அவை நூறாகவும் இருந்திரா.

இலங்கையின் பெருங் கட்சிகளில் நிலைமை இன்னும் வேறு. இங்கே சனாதிபதிப் பதவி 1978இல் வந்தது. கட்சியின் சனாதிபதி வேட்பாளரை உறுப்பினர் வாக்கினாற் தெரிவுசெய்யும் முறை உடன் வரவில்லை. 1988இல் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளர் யார் என்ற வினா எழுந்தபொழுது பிரேமதாசா, லலித் அத்துலத்முதலி, மகாவலியாற் கண்டிப் பிரதேசம் எங்கும் அறியப்பட்ட காமினி திசாநாயக்கா ஆகிய மூவர் பெயரும் அடிபட்டன. நியமனம் பிரேமதாசாவுக்குக் கிடைத்தது, அவர் வென்றார். மற்றை இருவரும் தம் பலத்தை எண்ணிப் பார்க்க ஒரு வாக்குப்பெட்டி கட்சிக்குள் இருக்கவில்லை. தீராத அப்போட்டி 1991இற் சனாதிபதிக்கு எதிரான குற்றப் பிரேரணையாக வெடித்தது, கட்சி பிளந்தது. 2019இலும் வேட்பாளர் வினா மாதக்கணக்காக இழுபட்டது. சஜித் பிரேமதாசா செப்டெம்பர் இறுதியில் நியமனம் பெற்று, நவம்பர் 16ஆம் நாள் நிகழ்ந்த தேர்தலில் நூற்றுக்கு 42க்குச் சற்றுக் குறைவான வாக்குப் பெற்றுத் தோற்றார். அடுத்த ஆண்டு அவர் தனியணி அமைத்தார். 2020 ஓகஸ்டுப் பொதுத் தேர்தலிற் புதிய அணிக்கு 54 ஆசனம். தாய்க் கட்சிக்குத் தேசியப் பட்டியலில் ஒன்றே ஒன்று. 2024 செப்டெம்பர்ச் சனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கா முதற் கணக்கில் 42.31 சதவீதம் பெற்றார், சஜித் 32.76, ரணில் விக்கிரமசிங்க 17.27. பின்னைய இருவரின் தொகை பாதியைச் சற்றே கடக்கும். இருவருள் ஒருவரே நின்றிருப்பின் அத்தொகை முழுவதும் அவர்க்கே விழுந்திருக்கும் என்று கூறல் தவறு. ஆயினும் கட்சிக்குள் தீர்க்கப்படாத போட்டி நாட்டின் வாக்குப்பெட்டியிலே தீர்க்கப்பட்டது என்பதில் ஐயமில்லை.

இறுதியாக, நமக்கு மிக அண்மையிலுள்ளதும், அதுபற்றியே பலர் பேசத் தயங்குவதுமான ஒன்றைக் கூறல் வேண்டும். 1949 டிசம்பரிற் தோன்றிய இலங்கைத் தமிழரசுக் கட்சி எழுபத்து நான்கு ஆண்டுகளாகத் தன் தலைவரை இணக்கத்தாலேயே தெரிந்து வந்தது. 2024 சனவரி 21ஆம் நாள் திருகோணமலையிற் கட்சிப் பொதுச்சபை கூடித் தலைமைக்கு முதன்முறையாக வாக்கெடுத்தது. சிவஞானம் சிறீதரனுக்கு 184, எம். ஏ. சுமந்திரனுக்கு 137. தமிழர் கட்சியொன்று தன் உட்போட்டியை மறைவிற் பேசித் தீர்க்காமல் எண்ணித் தீர்த்தது என்று நம்மிற் பலர் அன்று பெருமிதம் கொண்டோம், அப்பெருமிதம் நியாயமானதே. ஆனால் அடுத்த மாதமே தெரிவு யாப்புக்கு முரணானது என வழக்கு எழுந்தது. நீதிமன்றக் கட்டளையால் மாநாடு தடைப்பட்டது. தெரிவானவர் தலைமை நாற்காலியில் அமர இயலவில்லை. பழைய தலைவர் மாவை சேனாதிராசாவின் பெயரே தொடர்ந்தது. செப்டெம்பர்ச் சனாதிபதித் தேர்தலிற் கட்சி சஜித்தை ஆதரிப்பதாக அறிவித்தது. சிறீதரனோ தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரனை ஆதரித்தார். நவம்பர்ப் பொதுத் தேர்தலிற் கட்சி எட்டு ஆசனங்களைப் பெற்றது, சிறீதரன் யாழ்ப்பாணத்திலிருந்து தெரிவானார், சுமந்திரன் தெரிவாகவில்லை.

இருவருள் யார் தகுதியுடையவர் என்பது இக்கட்டுரைக்குப் புறம்பு. திரிபுரியையும் திருகோணமலையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் மாணவன் ஓர் ஒற்றுமையைக் காண்பான். இரண்டிடத்தும் 'எத்தனை வாக்கு' என்பதில் வழக்கு இல்லை. 1580ஐயும் 184ஐயும் எவரும் மறுக்கவில்லை. வாக்களித்தவர் யார், அவர்க்கு அவ்வுரிமையை அளித்த இடாப்பு எத்தகையது, வென்றவர்க்கு யாப்பு எதனை ஒப்படைக்கின்றது என்பனவே வினாக்களாயின. காந்தியடிகள் 1939இற் சுட்டிய உறுப்பினர் இடாப்பே 2024இல் நீதிமன்ற வாயிலுக்கும் சென்றது. சுபாஸ் வழக்காட வேறு மன்றம் இன்மையாற் கல்கத்தாவில் விலகற் கடிதம் எழுதினார்.